இழுத்து மூடாத வயிறு

மயக்கவியலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை எந்த நோயாளியும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். அறுவை செய்தவரின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பார்கள். உங்களைப் பற்றி யாராவது கேட்டால், "மூஞ்சியில ஏதோ வச்சாங்களே, அந்தம்மா" என்பார்கள். அதுவும் நல்ல மனசுக்காரர்களாக இருந்தால்தான். நான் புதுச்சேரி அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கையில் மூச்சைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்த பெண்களிடமே பெரிய மார்க்கெட்டில் பேரம் பேசி மீன் வாங்கியிருக்கிறேன். ஒருத்திக்கும் என்னை அடையாளம் தெரிந்ததில்லை, விலையும் குறைந்ததில்லை.

உங்கள் இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கையால் அழுத்திப் பார்த்ததை இப்போது திரை சொல்லிவிடுகிறது. மருந்தின் அளவு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஆண்டுகளில் எங்களிடம் வந்த ஒருத்தியின் கதையை மட்டும் சொல்கிறேன். கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவள். பெயர் அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயர் உங்களுக்கு வேண்டாம்.

அதற்கு முன் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருமனான பெண்ணைப் பார்த்ததும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது பாவம், மடிந்து தொங்கிக்கொண்டு வேர்க்குருவை வளர்த்துக்கொண்டிருக்கும். நமக்குத் தொல்லை தருவது குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்திருக்கும் கொழுப்பு. அது வயிற்றுச் சுவரை உள்ளிருந்து ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. இருமினால் இன்னும் கொஞ்சம், கூடையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம். பெண்ணுக்கு அந்தச் சுவர் பிள்ளைப்பேற்றிலேயே விரிந்து கொடுத்த சுவர். நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு தசைகளும் விலகிப்போயிருக்கும். அதன்மேல் ஒரு சிசேரியன் தழும்பு, அதுவும் கொழுப்புக்கு நடுவே சீழ் பிடித்து ஆறிய தழும்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் சுவர் விட்டுவிடும். குடல் அந்த வழியாக வெளியே வந்து தோலுக்கு அடியில் குடியேறிவிடும். இதைத்தான் ஹெர்னியா என்கிறோம். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் இன்னொன்றும் நடக்கும். குடல் காலி செய்த இடம் உள்ளே சுருங்கிப்போகும். திருப்பி அனுப்பினால் உட்கார இடம் இருக்காது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஆள் கனம். தொப்புளுக்குக் கீழே, பழைய சிசேரியன் தழும்பின் வழியாகக் குடல் இறங்கி, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அறுவைக்கு முன் மயக்கம் கொடுக்கலாமா என்று பார்க்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கூட வந்தவள் பாஞ்சாலி. மார்க்கெட்டில் அஞ்சலைக்குப் பக்கத்தில் கூடையை வைத்து உட்காருகிறவள், குப்பத்திலும் அடுத்த வீட்டுக்காரி.

"மல்லாந்து படும்மா" என்றேன்.

"படுத்தா மூச்சு முட்டும் டாக்டர். ஊட்ல செவுத்துல சாஞ்சிக்கினுதான் தூங்குறேன்."

இந்த ஒரு பதிலை நான் மனதில் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சொல்லாததை இது சொல்லியது. நோயாளி எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள். கேட்கக் காசு செலவில்லை.

"வலிக்குதா?"

"வலி இன்னா வலி. கூட தூக்குறப்ப இழுக்கும். அது பழகிப்போச்சு."

"எடையைக் குறைச்சிட்டு வரச் சொன்னாங்களாமே?"

"கொறச்சிட்டு வா, கொறச்சிட்டு வான்னு எத்தினி தபா அனுப்புவாங்கோ? காலைல ஏலத்துக்குப் போயி, பஸ் புடிச்சி மார்க்கெட் வந்து, பொழுது சாய ஊட்டுக்குப் போறேன். வழியில கெடைக்கிறதத் துன்னுட்டுப் போறவ, எங்கேர்ந்து கொறைக்கிறது?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எடையைக் குறைத்துவிட்டு வா என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் குறைக்க எந்த வழியும் காட்டாமல் அதைச் சொன்னால், வாசலைக் காட்டுவதற்கு மரியாதையான பெயர் அது. இந்த முறை சர்ஜன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. குடல் இரண்டு தடவை சிக்கிக்கொண்டு வாந்தியெடுத்து வந்திருந்தாள். மூன்றாவது தடவை சிக்கினால் அழுகிப்போகும் என்று அவர் பயந்தார். நியாயமான பயம்.

நான் கேள்விகளை முடித்துக்கொண்டு எழுந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"பஸ்ல ஏறுனா எவளாவது ஏந்திரிச்சி எடம் குடுக்குறா டாக்டர். உக்காரும்மா, எத்தினி மாசம்னு கேக்குறா. எம் புருசன் செத்து வருசம் எத்தினியோ ஆவுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, முகமூடி போட்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. மீதியைப் பாஞ்சாலிதான் சொன்னாள்.

"மார்க்கெட்ல ஆரமிச்ச பேச்சு டாக்டர். கரைக்குப் போயிடுச்சி. வல இழுக்குற எடத்துல எவனோ இவ மவன் ஏழுமலைகிட்ட, ஒனக்குத் தம்பி பொறக்கப்போறானாமேன்னு கேட்டுட்டான். அவன் மூஞ்சிய ஒடைச்சிட்டு வந்த புள்ள, இவகிட்டப் பேச்ச நிறுத்திட்டான். ஊட்டுக்கே வரதில்ல. ஐஸ் கம்பெனில படுத்துக்கிறான்."

"எம் மவன் வந்து பாக்கணும்" என்றாள் அஞ்சலை. "வயிறு இல்லன்னு அவன் பாக்கணும். அவ்ளோதான் டாக்டர். வேற ஒண்ணும் வேணாம்."

சர்ஜனிடமும் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் திறமையான மனிதர், மனம் இளகியவரும்கூட. பிரெஞ்சு குடியுரிமை வாங்கிய பழைய குடும்பத்துப் பிள்ளை. கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார். அதனால் யாரைத் திட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது, பாதி நாள் சௌகரியமாக இருந்தது. அவர் அறுவைக்கு முந்தின நாள் அவள் கட்டிலருகே நின்று, "கவலைப்படாத. தட்டையா ஆக்கித் தந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நோயாளிக்குத் தைரியம் சொல்வது நல்ல பழக்கம். ஆனால் வயிற்றைத் திறந்து பார்க்கும் முன்னால் அதன் வடிவத்தை வாக்குக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் மேசையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சிக்கியிருந்த குடலை விடுவித்தார், ஒட்டியிருந்ததைப் பிரித்தார், உள்ளே தள்ளினார். பிறகு விலகிக் கிடந்த சுவரின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்க்க ஆரம்பித்தார். அப்போது நான் கையில் பிடித்திருந்த பை இறுகியது. அதை அழுத்தித்தான் அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவரை பஞ்சு மாதிரி இருந்த பை, காற்று நிறைந்த சைக்கிள் டியூப் மாதிரி ஆனது. ரத்த அழுத்தம் இறங்கியது. விரல் நுனியில் மாட்டியிருந்த கருவியின் சத்தம் கனத்தது; ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று அர்த்தம்.

"இழுக்காதீங்க. மூச்சு போகல" என்றேன்.

"தசை இன்னும் தளரணும். கொஞ்சம் மருந்து போடுங்க."

அவர் கேட்டது எல்லா அறுவை அரங்கிலும் கேட்கிற ஒன்றுதான். நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தைப் போட்டால் எந்த வயிற்றையும் மூடிவிடலாம். மூடியதும் எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மருந்தின் வேகம் தீர்ந்த பிறகு அந்த வயிற்றை வைத்துக்கொண்டு மூச்சு விட வேண்டியவள் அவள் மட்டும்தான். உட்கார்ந்துகொண்டே தூங்குகிறவள், உள்ளே இடம் சுருங்கிப்போனவள் அவள். அத்தனை கொழுப்போடு குடலையும் சேர்த்து உள்ளே திணித்து வயிற்றைத் தைத்தால், மூச்சை இழுக்கக் கீழே இறங்க வேண்டிய உதரவிதானம் எங்கே இறங்கும்?

எனக்கு வாதம் செய்ய வராது. சர்ஜன்களோடு வாதம் செய்து நான் ஜெயித்ததும் கிடையாது. "ரெண்டு கையையும் விடுங்க. பையைப் பாருங்க" என்றேன். விட்டார். பை இளகியது, அழுத்தம் ஏறியது. "இப்ப இழுங்க." இழுத்தார். பை மறுபடி இறுகியது. இன்னொரு முறையும் செய்யச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது எனக்குத்தான் என்பது இந்த முறை தெளிவாகவே தெரிந்தது.

"இந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் கடைசியில்.

அவருடைய சிக்கல் அங்கேதான் இருந்தது. சுவரை மூடாமல் விடுவது அவருக்கும் தெரிந்த வழிதான். வாக்கைத்தான் விட முடியவில்லை.

"மொதல்ல எழுந்து உக்காரட்டும். பதில் அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

அவர் ஓரங்களை இழுக்காமல் விட்டார். நடுவிலிருந்த இடைவெளியில், ஹெர்னியாவுக்கென்றே இருக்கிற செயற்கை இழை வலையை வைத்துத் தைத்து, தோலை மூடினார். குடல் இனி சிக்காது, அழுகாது. வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஆனால் தட்டையாகவில்லை. துணியை விலக்கிப் பார்த்தால் மேடு மேடாகவே இருந்தது. அவள் தானாக மூச்சு விட்டு, கண் திறந்து, என்னைப் பார்த்து "ஆச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். எனக்கு அது உண்மையிலேயே நல்ல நாள்.

அடுத்த நாள் காலையில் வார்டு சுற்றி வந்தார்கள். சர்ஜன், உதவி மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள் என்று ஒரு கூட்டம். அவள் கட்டிலைச் சுற்றி நின்று, ஏன் மூடவில்லை, வலை எப்படி வைத்தோம், அடுத்த கட்டமாக என்ன செய்யலாம் என்று அழகாகப் பேசினார்கள். எல்லாம் இங்கிலீஷில். கடைசியில் "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். சர்ஜன் உதவி மருத்துவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். உதவி மருத்துவர் சர்ஜன் சொல்லியிருப்பார் என்று நினைத்தார். நாமெல்லாம் மயக்கம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கிற சாதி. அவள் போர்வைக்குள் கையை விட்டுத் தானே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அன்று பிற்பகல், பார்வையாளர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெண்கள் வார்டிலிருந்து எனக்கு அவசர அழைப்பு வந்தது. ஓடிப்போனேன். அஞ்சலை கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பயிற்சி மருத்துவர் ஒருவர், நல்ல படிப்பாளிப் பையன், ஊசியில் மருந்தை ஏற்றிவைத்துக்கொண்டு நின்றார்.

"நுரையீரல்ல ரத்தக்கட்டி மேடம். பருமனான பேஷன்ட், வயித்துல பெரிய ஆபரேஷன், திடீர்னு மூச்சுத் திணறல். ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுடலாமா?"

அவர் சொன்னதில் ஒரு வரி தப்பில்லை. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மருந்தைப் போட்டால், அவ்வளவு பெரிய புது அறுவைப் புண் உள்ளுக்குள்ளேயே ரத்தத்தைக் கொட்டும். போடாமல் விட்டு, உண்மையிலேயே ரத்தக்கட்டியாக இருந்தால் அவள் சாயங்காலத்தைப் பார்க்க மாட்டாள். இப்படிப்பட்ட நேரத்தில் கை எதையாவது செய்யத் துடிக்கும். செய்தால்தான் நிம்மதி. அந்த நிம்மதி நமக்குத்தான், நோயாளிக்கு இல்லை.

"வயித்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டிருக்கிறார். கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்த போர்வையை விலக்கவில்லை. பெண்கள் வார்டு, சுற்றிலும் ஆட்கள், அவர் இளைஞர். நம் ஊரில் பெண் நோயாளியின் வயிற்றைச் சேலைக்கு மேலேயே பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறதோ தெரியாது. பருமனான பெண் என்றால் இன்னும் மோசம். அவளுக்கும் காட்டக் கூச்சம், நமக்கும் பார்க்கக் கூச்சம்.

நான் ஆக்ஸிஜனைக் கூட்டிவிட்டு அவள் மூச்சு விடுவதைப் பார்த்தேன். தோள் எழும்பியது, கழுத்து இழுத்தது. வயிறு மட்டும் அசையவே இல்லை. போர்வைக்குள் கையை விட்டேன். பலகை மாதிரி இருந்தது.

"ஸ்கிரீனை இழுங்க. கத்தரிக்கோல் கொடுங்க" என்றேன் நர்ஸிடம்.

சேலைக்கு அடியில் ஒரு பழைய வேட்டி. நீளவாக்கில் மடித்து, விலாவிலிருந்து இடுப்பு வரை சுற்றிச் சுற்றி இறுக்கி, பக்கவாட்டில் முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க வரவில்லை. வெட்டினேன். ஒவ்வொரு சுற்றாகத் தளரத் தளர, அந்தப் பெரிய வயிறு மெதுவாக முன்னால் வந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கொஞ்ச நேரம் அவளை உட்கார்ந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு தோள் எழும்புவது குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. பயிற்சி மருத்துவர் ஊசியை மூடித் தட்டில் வைத்தார். "போட்டிருப்பேன் மேடம்" என்றார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். சர்ஜன் வந்து தையலைப் பார்த்தார். வலை அசையவில்லை. ரத்தக்கட்டிக்கான அறிகுறி எதுவும் பிறகும் தென்படவில்லை.

யார் கட்டியது என்று கேட்கத் தேவையே இல்லை. பாஞ்சாலி ஸ்கிரீன் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"புள்ள பெத்தவளுக்கு எப்பவும் நாந்தான் கட்டுவேன் டாக்டர். எங்க குப்பத்துல எல்லாரும் என்னியத்தான் கூப்புடுவாங்க. இறுக்கிக் கட்டுனாதான் வயிறு உள்ள போவும். அடங்கிடும்னுதான் கட்டுனேன். இவளக் கொல்லவா கட்டுனேன்?"

குழந்தை பிறந்ததும் வயிற்றுக்குத் துணி கட்டுவது நம்மூரில் தெரியாதவர் யார்? பிள்ளை பெற்றவளுக்கே அப்படி இறுக்கக் கூடாது என்பது வேறு விஷயம். பிள்ளைத்தாய்ச்சி என்று ஊர் பழி சொன்னவளுக்கு, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுகிற கட்டையே கட்டி வைத்திருந்தார்கள். அதில் இருந்த கொடுமை அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது, வருத்தமாக இருந்தது.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் கட்டச் சொன்னேன்" என்றாள் அஞ்சலை, மூச்சு வாங்கிக்கொண்டே. "எம் மவன் வரேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கான். இந்த வயித்தோட அவன் எப்டிப் பாப்பான்?" பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் மூட வேணாம்னீங்களாமே. ஆயாம்மா சொல்லிச்சி. அவரு தட்டையாக்கித் தரேன்னாரு. நீங்க ஏன் கெடுத்தீங்க?"

அரங்கைக் கழுவுகிற ஆயாம்மா வழியாகப் போயிருக்கிறது. இங்கிலீஷில் ஒரு கூட்டமே நின்று சொன்னது போய்ச் சேரவில்லை, தமிழில் ஒருத்தி சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். உயிரைக் காப்பாற்றியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று தோன்றியது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, மீனவப் பெண் ஆயிற்றே என்று எனக்குத் தெரிந்த சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

"உன் வயித்துல வலை வச்சுத் தைச்சிருக்காரும்மா. வலையை ரொம்ப இழுத்துக் கட்டினா என்ன ஆகும்? அறுந்து போகும் இல்ல?"

"நான் மீன் விக்கிறவ டாக்டர். வல பின்றவ இல்ல" என்றாள்.

எனக்கு வேண்டியதுதான். நோயாளிக்கு அவருடைய குலத்தொழிலை வைத்தே விளக்கம் சொல்லலாம் என்று நினைக்கிற நம் புத்திசாலித்தனத்தை அன்றோடு விட்டுவிட்டேன். தரையில் கிடந்த வேட்டியை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"இதைக் கட்டினப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

"உசுரு போறாப்ல இருந்திச்சி."

"இதைக் கத்தரியால வெட்டி எடுத்துட்டேன். உன் வயித்தை அவர் இழுத்து மூடியிருந்தா, இதே கட்டு உள்ளே இருந்திருக்கும். அதை வெட்ட அவர் மறுபடி உன் வயித்தைக் கிழிச்சிருக்கணும். அதுவரைக்கும் நீ இருந்திருக்க மாட்ட. நான் வேணாம்னு சொன்னது அதைத்தான்."

அவள் வேட்டியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "இத அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த வார்டில் நின்றுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்.

மணி அடித்து, பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். தூக்குப்பாத்திரமும் பழப்பையுமாகக் கூட்டம் நுழைந்தது. கடைசியில் கறுத்து ஒல்லியாக ஒரு இளைஞன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். அஞ்சலை போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். நான் கிளம்பினேன். குடும்ப விஷயத்தில் நிற்பது நம் வேலை இல்லை என்பது என் கொள்கை.

"டாக்டரம்மா, போவாதீங்க. நீங்க சொல்லுங்க அவனுக்கு" என்றாள்.

மயக்க மருந்து கொடுப்பவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான். வாசலுக்குப் போய் அவனிடம், நீதிமன்றத்தில் சொல்கிற மாதிரி சொன்னேன். உன் அம்மா வயிற்றில் இருந்தது குடல், சிசேரியன் தழும்பு விட்டுப்போய் வெளியே வந்தது, உன்னைப் பெற்றபோது போட்ட தழும்பு அது, வயிறு இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, அப்படி இருப்பதால்தான் அவள் மூச்சு விடுகிறாள்.

"அது புள்ள இல்லன்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றான் ஏழுமலை.

"தெரியுமா? அப்புறம் ஏன் பேசாம இருந்த?"

"எங்கம்மாவ நான் தப்பா நெனைக்கல. அவன் கேட்டப்ப அடிச்சிட்டேன். அடிச்சப்புறம், வயிறு ஏன் அப்டிக்கீதுன்னு அம்மாகிட்டக் கேக்கணும்னு தோணிச்சி. அது அம்மாகிட்டக் கேக்குற கேள்வியா டாக்டர்? கேட்டா சந்தேகப்படுறான்னு நெனைக்கும். கேக்காம மூஞ்சியப் பாக்கவும் முடியல. அதான் ஊட்டுக்குப் போவல."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. அஞ்சலை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது போர்வையைத் தானே இடுப்பு வரை தள்ளிவிட்டிருந்தாள்.

"பாரு. இன்னும் கீது" என்றாள் மகனிடம்.

அவன் பார்த்தான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மூச்சு வாங்குதா?" என்று கேட்டான். "இல்லடா" என்றாள். பாஞ்சாலி வேட்டியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தாள். நான் அவளைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் குப்பத்தில் யாருக்குக் கட்டினாலும் கட்டின பிறகு மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பார், வயிறு அசையாவிட்டால் அவிழ்த்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். கட்டாதே என்று சொன்னால் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

உப்பளம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது ஏழுமலை சொன்னதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பயிற்சி மருத்துவர் போர்வையை விலக்கக் கூச்சப்பட்டார். மகன் கேட்கக் கூச்சப்பட்டான். நாங்கள் தமிழில் சொல்லச் சோம்பல்பட்டோம். ஒரு பெண்ணின் வயிறு பெரிதாக இருந்தது என்பதற்காக இத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அன்று ஊசியில் ஏற்றிவைத்த மருந்து உள்ளே போகாததற்குக் காரணம், யாரோ ஒருவர் துணியை விலக்கிப் பார்த்தார் என்பது மட்டும்தான். அதற்கு என்னைப் பாராட்ட ஒன்றுமில்லை. நான் பெண், எனக்கு அது சுலபம். உங்களில் ஆண்களாக இருப்பவர்கள் நர்ஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கேட்டுவிட்டு விலக்குங்கள். ஆனால் விலக்குங்கள்.

ரொம்ப நாள் கழித்து அவளை வெளிநோயாளர் பிரிவில் பார்த்தேன். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள். சர்ஜன் சொன்னபடி அகலமான பெல்ட் போட்டிருந்தாள், மூச்சு விட இடம் வைத்து. இப்போது சுவரில் சாயாமல் பாயில் படுத்தே தூங்குகிறாளாம். இன்னும் கொஞ்சம் எடை குறைந்தால் இரண்டாவது தடவை அறுவை செய்து சுவரைச் சேர்த்துவிடலாம், இந்த முறை இடம் இருக்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். வாக்குக் கொடுக்கவில்லை, சொல்லத்தான் செய்தார். அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்ற, செஞ்சுக்கிறியா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் டாக்டர். இப்ப இன்னா அவசரம்? மவன் ஊட்டுலதான் சாப்புடுறான்."

"பஸ்ல இன்னும் எழுந்து இடம் கொடுக்கிறாங்களா?"

"குடுக்குறாங்க. முன்னல்லாம் வாயில வந்தபடி திட்டுவேன். இப்ப உக்காந்துக்குறேன். கால் வலிக்கு நல்லாதான் கீது."

"எத்தனை மாசம்னு கேட்டா?"

அவள் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே எழுந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா, மயக்க ஊசி போட்டாங்களே ஒரு டாக்டரம்மா, அவங்களப் போயிக் கேளுன்னுடுவேன்."